காஞ்சியிலிருந்து சாங்-ஆனுக்கு: வச்சிரபோதியின் வாழ்க்கைப் பதிவுகளும் பன்மொழிப் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துப் பல்லவ மன்னனின் தூதுக்குழுவோடு கடல்வழியே சீனம் சென்ற பௌத்த ஆசிரியர் வச்சிரபோதி. அவருடைய வாழ்க்கையைச் சீனப் பதிவுகளே காத்துவைத்துள்ளன. அப்பதிவுகள் பிறப்பிடம், இறந்த ஆண்டு ஆகிய இரண்டிலும் தம்முள் முரண்படுகின்றன. எப்பதிவை எதற்காக ஏற்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பன்மொழி அறிஞர் என்று அவரைக் குறிப்பிடும்போது அச்சொல்லை எப்பொருளில் கொள்ள வேண்டும் என்பதையும் மொழிபெயர்ப்புக் குறிப்புகளின் வழி விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வச்சிரபோதி, காஞ்சிபுரம், இராசசிம்மன், மலையநாடு, பொதியில், அமோகவச்சிரர், மொழிபெயர்ப்பு

முன்னுரை

பட்டுத்தறிகளாலும் கோயில்களாலும் இன்று அறியப்படும் காஞ்சிபுரம், ஏழாம் நூற்றாண்டில் பௌத்தர்களும் செறிந்து வாழ்ந்த நகரம். ஏறத்தாழ கி.பி. 640இல் தென்னகச் செய்திகளைத் தொகுத்த யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்று குறிக்கிறார். நாலந்தாவின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் அது என்றும் கூறுகிறார். மணிமேகலையின் நிறைவுப் பகுதி காஞ்சியில் நிகழ்கிறது. காமாட்சியம்மன் கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த புத்தர் திருமேனிகளைப் பற்றி து. அ. கோபிநாதராவ் 1915இல் எழுதிய கட்டுரை, இச்செய்திகளுக்குத் தொல்பொருள் சான்று சேர்த்தது.

இந்நகரத்தையும் சீனத்தையும் இணைத்துப் பேசும்போது இன்று பொதுமக்கள் நாவில் வரும் பெயர் போதிதருமர். 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பிறகு அவர் காஞ்சி இளவரசர் என்பது ஐயத்துக்கு இடமற்ற வரலாறு போலவே வழங்குகிறது. ஆனால் அவரைக் குறிக்கும் பழைய சீன நூல், லோயாங் நகர விகாரங்களைப் பற்றி யாங் சுவான்-சீ 547ஆம் ஆண்டளவில் எழுதியது, அவரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய மாணவராகக் கருதப்படும் தான்-லின் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். இவ்விரு பழம் பதிவுகளிலும் காஞ்சி என்ற ஊர்ப்பெயர் இல்லை.

வச்சிரபோதியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரைக் குறிக்கும் பதிவுகளில் காஞ்சியின் பெயரும் உண்டு. பல்லவ மன்னனின் பெயரும் உண்டு. ஆயினும் அவரை அறிந்தோர் மிகச் சிலர். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940) அவரைத் தமிழ்ப் பௌத்தப் பெரியார் வரிசையில் வைத்துப் பேசியது. அதன்பின் தமிழாய்வில் அவர் பெரும்பாலும் ஓரிரு வரிச் செய்தியாகவே நின்றுவிட்டார். காஞ்சி தன் நினைவில் யாரை வைத்திருக்கிறது, யாரை விட்டுவிட்டது என்ற வினா இதனால் எழுகிறது.

பதிவுகளும் அவற்றின் காலமும்

முதற்பதிவு, சீ-ஷெங் என்னும் துறவி சாங்-ஆன் நகரில் 730இல் முடித்த பௌத்த நூற்பட்டியல். அப்போது வச்சிரபோதி உயிரோடு அதே தலைநகர வட்டத்தில் நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது, அவரிடம் தீக்கை பெற்ற இல்லறச் சீடரும் அரசவை அறிஞருமான லூ-ஷியாங், ஆசிரியரின் மறைவுக்குப் பின் எழுதிய வரலாறு. இது யுவான்-சாவ் என்பவர் 800இல் தொகுத்த மற்றொரு நூற்பட்டியலில் இடம்பெற்றுப் பிழைத்தது. மூன்றாவது, சான்-நிங் 988இல் நிறைவுசெய்த உயர்துறவியர் வரலாறு. சோவ் யீ-லியாங் 1945இல் இம்மூன்றாம் பதிவை விரிவான குறிப்புகளுடன் ஆங்கிலத்தில் தந்தார். லூ-ஷியாங் எழுதிய வரலாறு, ஜெஃப்ரி சண்ட்பர்க், ரோல்ஃப் கீபல் ஆகியோரின் உழைப்பால் 2011இல் முழுமையாக ஆங்கிலத்தில் கிடைத்தது.

நீண்ட காலம் மேற்கோளாக வழங்கிவந்தது மூன்றாம் பதிவே. காலத்தால் மிகப் பிந்தியதும் அதுவே. ஒருவரின் வாழ்வைப் பற்றி அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து எழுதப்பட்ட நூலைக் கொண்டு அவர் காலத்து ஆவணங்களைத் திருத்தும் போக்கு ஆய்வில் ஏற்கத்தக்கதன்று.

மலையநாட்டுச் சிறுவனா, மன்னன் மகனா?

சீ-ஷெங் தரும் செய்தி சுருக்கமானது. வச்சிரபோதி தென்னிந்தியாவின் மலையநாட்டினர், அந்தணர் குலத்தவர், அந்நாடு அவலோகிதரின் உறைவிடமாகிய போதலக மலைக்கு அருகில் உள்ளது, தந்தை ஐவகைக் கலைகளில் வல்லவர், அவர் காஞ்சி மன்னனுக்கு ஆசிரியராய் இருந்தார். சான்-நிங்கின் நூல் இச்செய்தியையே பின்பற்றுகிறது.

லூ-ஷியாங் கூறுவது வேறு. வச்சிரபோதி நடு இந்திய அரசன் ஈசானவர்மனின் மூன்றாம் மகன். தென்னிந்திய மன்னனின் படைத்தலைவர் அவரைச் சீனப் பேரரசரிடம் அறிமுகப்படுத்தியதால் தென்னாட்டவர் என்று அழைக்கப்பட்டார். இரண்டாம் பகுதி கவனிக்கத்தக்கது. தென்னாட்டவர் என்ற செய்தி ஏற்கெனவே பரவியிருந்தது என்பதையும், அதனை மறுக்கும் தேவை லூ-ஷியாங்குக்கு இருந்தது என்பதையும் அது காட்டுகிறது.

நெருங்கிய சீடரின் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் இவ்விடத்தில் சீ-ஷெங்கின் பதிவே வலுவுடையது. முதற்காரணம், அது வச்சிரபோதி வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு நூலும் எந்த ஆண்டில், எந்த விகாரத்தில், யார் துணையோடு மொழிபெயர்க்கப்பட்டது என்பதைச் சீ-ஷெங் குறித்துவைத்தார். அத்தகைய செய்திகளை மொழிபெயர்ப்புக் குழுவினரிடமிருந்தே பெற்றிருக்க முடியும். பிறப்பிடச் செய்தியும் அவ்வழியில் வந்திருத்தல் இயல்பு. இரண்டாவது, லூ-ஷியாங் தரும் குலவரலாறு வகைமாதிரியானது. அரசனின் மூன்றாம் மகன் என்ற கூற்று, மேலே கண்டவாறு போதிதருமரைப் பற்றிய தான்-லினின் குறிப்பிலும் வருகிறது. அரியணைக்கு உரிமை குறைந்தவன், எனினும் அரச குருதி உடையவன், அதைத் துறந்தவன் என்ற வார்ப்பு, சாக்கியமுனியின் வாழ்வை முன்மாதிரியாகக் கொண்ட மரபில் எளிதாகப் பொருந்தும். பேரரசரின் அவையில் போற்றப்பட்ட ஆசிரியருக்கு மலைநாட்டு அந்தணன் மகன் என்பதைக் காட்டிலும் அரசன் மகன் என்பது சீடர் கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். மூன்றாவது, மலைநாட்டுப் பிறப்பைப் புனைந்துரைப்பதால் சீ-ஷெங் அடையக்கூடிய பயன் எதுவும் இல்லை.

மலையநாடு எது என்பது அடுத்த வினா. யுவான் சுவாங் காஞ்சிக்குத் தெற்கே மலகூட நாட்டையும், அதன் தென்பகுதியில் சந்தன மரங்கள் அடர்ந்த மலைய மலையையும், அதற்குக் கிழக்கே போதலக மலையையும் குறிக்கிறார். போதலகம் என்பது பொதியில் மலையே என்று ஷூ ஹிக்கோசாகா 1989இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்ற வீரசோழிய மரபையும் இங்கு இணைத்துப் பார்க்கலாம். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ப் பௌத்தருக்குப் பொதியிலும் அவலோகிதரும் பிரிக்க இயலாதவை. ஆகவே சீ-ஷெங்கின் குறிப்பு பொதியிலை ஒட்டிய சிற்றூர்ப்புறம் ஒன்றைச் சுட்டுவதாகக் கொள்வது தகும். சீ-ஷெங்கின் நூல் மலையம் என்ற பெயருக்கு ஒளிநாடு என்று பொருள் எழுதியிருப்பது சுவையானது. தமிழறிந்த எவருக்கும் அப்பெயரில் 'மலை' கேட்கும். பெயரின் ஒலி பிழையின்றிச் சீனம் சேர்ந்திருக்கிறது. பொருள் வழியில் மாறிவிட்டது.

பாண்டிய நாட்டு மலைப்புறத்தினர் ஒருவர் பல்லவ மன்னனுக்கு ஆசிரியராக இருந்திருக்க முடியுமா என்று வினவலாம். கற்ற அந்தணர் அரசவை நாடி நெடுந்தொலைவு பெயர்ந்ததற்குப் பல்லவர் காலத்துச் செப்பேடுகளே சான்று. அன்றி, அக்காலம் அமைதியான காலமும் அன்று. சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றிக் காவிரிக்கரை உறையூரில் பாசறை கொண்டிருந்ததை 674ஆம் ஆண்டின் கட்வால் செப்பேடு கூறுகிறது. வச்சிரபோதியின் இளமை அப்போர்களின் நிழலில் கழிந்தது.

கல்வியும் அலைவும்

கல்விப் பயணத்தைப் பொறுத்தவரை லூ-ஷியாங்கின் வரலாறே விரிவானது. பத்து அகவையில் நாலந்தாவில் துறவு, அங்கு இலக்கணக் கல்வி, பதினைந்தில் மேற்கிந்தியா சென்று நான்கு ஆண்டுகள் தருமகீர்த்தியின் அளவை நூல்கள், மீண்டும் நாலந்தா, இருபதில் முழுத் துறவு, இருபத்தெட்டில் கபிலவாத்துவில் யோகாசார நூல்கள், முப்பத்தொன்றில் தென்னாடு திரும்பி நாகபோதி என்பாரிடம் ஏழாண்டுகள் வச்சிரசேகர நெறி. நாகபோதிக்கு அப்போது எழுநூறு அகவை என்கிறது வரலாறு. இதனை நெறியின் தொன்மையைச் சொல்லும் முறையாகக் கொள்ள வேண்டுமேயன்றிச் செய்தியாகக் கொள்ளலாகாது. மற்ற அகவைக் கணக்குகளும் சற்று ஒழுங்கு மிகுந்தே தோன்றுகின்றன. எனினும் இலக்கணம் முதலில், அளவை அடுத்து, சமயநூல் அதன்பின் என்ற வரிசை, இட்சிங் விவரிக்கும் நாலந்தாக் கல்விமுறைக்கு ஒத்ததே.

காஞ்சியின் அரசவை

தென்னாட்டில் மூன்றாண்டு மழை பொய்த்தபோது மன்னன் வச்சிரபோதியை அழைத்துவந்தான் என்றும், அவர் சடங்கு செய்ய மழை பெய்தது என்றும் லூ-ஷியாங் எழுதுகிறார். மழை வருவித்த கதை துறவியர் வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருவது; சீனத்திலும் வச்சிரபோதி மழை வருவித்ததாக இன்னொரு கதை உண்டு. இங்கே ஆய்வுக்குப் பயன்படுவது மன்னனின் பெயர். சீன எழுத்துகள் அதனை நரசிங்கபோதவர்மன் என்று அசை பிசகாமல் தருகின்றன. கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிங்கவர்மனின் பெயர்வடிவங்களுள் ஒன்று அது. 'போத' என்னும் பல்லவ மரபுச் சொல் சாங்-ஆன் எழுத்தர் தாமே கற்பிக்கக்கூடியது அன்று. அப்பெயரைக் காஞ்சியில் கேட்ட ஒருவர் சொல்லக் கேட்டே எழுதியிருக்க வேண்டும். பிறப்பிடத்தில் நம்பிக்கை தராத லூ-ஷியாங், இவ்விடத்தில் உறுதியான சான்றாளர் ஆகிறார்.

சீன அரசவைக் குறிப்புகளும் இதனோடு பொருந்துகின்றன. 720ஆம் ஆண்டில் தென்னிந்திய மன்னன் சிரீ நரசிங்கன், அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் தர முன்வந்து, அப்படைக்குப் பெயர் சூட்டுமாறு வேண்டினான். பேரரசர் அறத்தைப் போற்றும் படை என்ற பொருளில் பெயர் அளித்தார். அதே ஆண்டில் சீனத்தின் பெயரால் மன்னன் கட்டிய கோயில் ஒன்றுக்கும் பேரரசர் பெயர்ப்பலகை வழங்கினார். சீனத்துக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட தொலைவை நோக்க அப்படை உதவி வெறும் மரியாதைச் சொல்லாகவே இருந்திருக்கும். ஆயினும் வச்சிரபோதி லோயாங்கை அடைந்த ஆண்டும் 720 என்பது தற்செயல் அன்று. சிவபெருமானுக்குக் கைலாசநாதர் கோயில் எடுத்த மன்னனே பௌத்த ஆசிரியரோடு தன் படைத்தலைவரையும் மகாபிரஞ்ஞாபாரமிதைச் சுவடியையும் அனுப்பியிருக்கிறான். எழுவகை மணி பதித்த இருக்கை, பொற்கடகம், காதணி, அகில், கற்பூரம் ஆகியவையும் உடன் சென்றன. காஞ்சிக்கும் சீனத்துக்கும் இடையே பட்டு நூலைத் தேடுவோர் உண்டு. லூ-ஷியாங் தரும் காணிக்கைப் பட்டியலில் முதலிடம் சுவடிக்கே.

புறப்படுவதற்கு முன் வச்சிரபோதி இலங்கை சென்று அபயகிரியில் அரையாண்டு தங்கினார். சிவனொளிபாத மலையில் அடிச்சுவட்டை வணங்கினார். காஞ்சி மீண்டபோது, கடல்வழி கடினமானது என்று மன்னன் தடுத்தும் அவர் இணங்கவில்லை. இலங்கைத் துறையில் மணி வாங்க வந்திருந்த முப்பத்தைந்து பாரசீகக் கப்பல்களோடு அவர் சென்ற கலமும் சேர்ந்துகொண்டது. ஒரு மாதத்தில் ஸ்ரீவிசயம். அங்கே காற்றுக்காக ஐந்து மாதக் காத்திருப்பு. சீன எல்லையை நெருங்கும் வேளையில் புயல் எழுந்தது. பிற கப்பல்கள் சிதறின. அவர் இருந்த கலம் மட்டும் குவாங்சோ துறையை அடைந்தது. நூற்றுக்கணக்கான படகுகளில் ஆட்கள் சென்று எதிர்கொண்டனர் என்கிறது வரலாறு.

சொல்பவர், பெயர்ப்பவர், எழுதுபவர்

வச்சிரபோதியைப் பன்மொழி வல்லார் என்பது வழக்கம். சீ-ஷெங்கின் மொழிபெயர்ப்புக் குறிப்புகள் இக்கூற்றைக் கூர்மைப்படுத்துகின்றன. 723இல் ட்சு-ஷெங் விகாரத்தில் இரண்டு நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வச்சிரசேகர நெறியின் சுருக்க நூல். வச்சிரபோதி மூலத்தைச் சொல்ல, கிழக்கிந்தியரான ஈசுவரர் சீனத்தில் பெயர்க்க, வென்-கு என்னும் சீனத் துறவி எழுதினார். 730ஆம் ஆண்டளவில் சியென்-ஃபு விகாரத்தில் நடந்த மொழிபெயர்ப்பில் பெயர்ப்பவரின் இடத்தில் வேறொரு பெயர் வருகிறது: சீ-ட்சாங். அது வச்சிரபோதியின் இளம் மாணவர் அமோகவச்சிரரின் துறவுப்பெயர்.

சீனம் வந்து பத்தாண்டு கழிந்த பின்னும் வாய்மொழியைச் சீனமாக்க இன்னொருவர் தேவைப்பட்டார் என்பதே இதன் பொருள். இது வச்சிரபோதியின் பெருமையைக் குறைப்பதாகாது. சீனத்தில் நூல் பெயர்த்தல் தனியொருவர் தொழிலாக இருந்ததில்லை. ஓதுபவர், பெயர்ப்பவர், எழுதுபவர், செப்பம் செய்பவர் எனப் பலர் கூடிச் செய்தனர். அட்டைப்பெயர் மட்டும் மூலம் ஓதியவருக்கே உரியதாயிற்று. ஈசுவரரும் வென்-குவும் இன்று எவர் நினைவிலும் இல்லை.

வச்சிரபோதியின் மொழித்திறன் வேறொரு வகையில் வெளிப்படுகிறது; அவர் மொழிபெயர்ப்பாளரை உருவாக்கினார். அமோகவச்சிரருக்குச் சித்த எழுத்தையும் வடமொழி இலக்கணத்தையும் அவரே கற்பித்தார். பன்னிரண்டு ஆண்டுப் பாடத்தை மாணவர் ஆறே மாதத்தில் முடித்தார் என்கிறார் சான்-நிங். கால அளவு உயர்வு நவிற்சியாக இருக்கலாம். நிகழ்ந்தது இன்னது என்பதில் ஐயமில்லை. 723இல் அயலவர் ஒருவரை நம்பியிருந்த ஆசிரியர், 730க்குள் தம் மாணவரையே பெயர்ப்பவராக அமர்த்திவிட்டார். சீன வானியலிலும் நாட்காட்டித் திருத்தத்திலும் புகழ்பெற்ற யீ-சிங் அவரிடம் தீக்கை பெற்றதும் இந்தக் கற்பித்தல் முயற்சியின் மற்றொரு பக்கம்.

மலையநாட்டுச் சிறுவனின் தாய்மொழி தமிழாகவே இருந்திருக்கும். சீனப் பட்டியல்கள் நூலின் மொழியைப் பதிகின்றன. ஓதியவரின் வீட்டுமொழி அவற்றின் பொருளன்று. தமிழும் சீனமும் ஒரே கல்லில் இடம்பெறுவதைக் காண 1281ஆம் ஆண்டின் சுவான்சோ சிவன்கோயில் கல்வெட்டு வரை காத்திருக்க வேண்டும். வணிகர் கல்லில் தம் மொழியைப் பொறித்தனர். துறவியோ நூலின் மொழியில் தம்மைக் கரைத்துக்கொண்டார்.

இறந்த ஆண்டு: 732 அன்று, 741

சான்-நிங் 732 என்கிறார். லூ-ஷியாங்கின் வரலாறு 741 என்கிறது: அவ்வாண்டு தாயகம் திரும்ப ஒப்புதல் கிடைத்தது, லோயாங்கை அடைந்தபோது நோயுற்றார், குவாங்-ஃபு விகாரத்தில் மறைந்தார், அகவை எழுபத்தொன்று. 743இல் லோங்மென்னில் தூபி எழுந்தது.

இவ்வழக்கை அமோகவச்சிரரின் சொற்களே தீர்த்துவைக்கின்றன. பேரரசருக்கு 771இல் அனுப்பிய விண்ணப்பத்தில், இளமை தொட்டு ஆசிரியருக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் பணிசெய்ததாக அவர் குறிப்பிடுகிறார். அவர் பிறந்தது 705இல். ஆசிரியர் 732இல் மறைந்திருந்தால், மாணவர் நான்கு அகவைக் குழந்தையாக இருந்தபோதே பணி தொடங்கியிருக்க வேண்டும். 741 எனக் கொண்டாலோ பணியின் தொடக்கம் 718இல் அமைகிறது. பதினான்கு அகவையில், சாவகத்தில் அமோகவச்சிரர் ஆசிரியரைக் கண்டார் என்று யுவான்-சாவ் தரும் செய்திக்கு அது முற்றிலும் ஒத்துவருகிறது. கடற்பயணத்தில் ஸ்ரீவிசயத்தில் நேர்ந்த ஐந்து மாதக் காத்திருப்புக்கும் அயலானதன்று. ஆகவே 741 ஏற்கத்தக்கது. அகவைக் கணக்கால் பிறப்பு 671 ஆகிறது. பழைய தமிழ் நூல்களில் வரும் வேறு ஆண்டுகளை இதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

கடலில் போன சுவடி

புயலைப் பற்றி மற்றொரு செய்தி உண்டு. வச்சிரசேகர நெறிக்கு அமோகவச்சிரர் பெயரில் வழங்கும் விளக்கநூல் ஒன்று, ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டதாக அதனைத் தருகிறது. தென்னாட்டிலிருந்து வச்சிரபோதி நூறாயிரம் பாடல் கொண்ட பெருநூலையும் அதன் சுருக்கத்தையும் கொண்டுவந்தார். கலம் மூழ்கும் நிலையில், பொருள்களை எல்லாம் கடலில் எறியுமாறு தலைவன் ஆணையிட்டான். அச்சத்தில் பெருநூலைக் காக்க அவர் மறந்துபோனார். சுருக்கம் மட்டுமே எஞ்சியது.

லூ-ஷியாங்கின் வரலாற்றில் இது இல்லை. அங்கே ஆசிரியரின் மந்திரம் கலத்தைக் காக்கிறது, எதுவும் இழக்கப்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால், புகழுரையும் நினைவுகூரலும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகிறது. சீனத்தில் இருப்பது சுருக்கம் மட்டுமே என்பதற்குக் காரணம் கூற இக்கதை உதவுகிறது. எனவே நெறியாளர்க்கு இதனால் பயன் இல்லாமல் இல்லை. ஆயின் அப்பயனுக்குப் புயலே போதும். அஞ்சினார், மறந்தார் என்ற சொற்கள் தேவையில்லை. தம் ஆசிரியரை உயர்த்த விரும்பும் மாணவர் எவரும் தாமாகச் சேர்க்காத சொற்கள் அவை. முதியவர் ஒருவர் தம் மாணவரிடம் பலமுறை சொல்லி வருந்தியதன் எதிரொலி அவற்றில் கேட்பதாகக் கொள்வது பிழையாகாது.

மாணவர் பின்னர் செய்த செயலும் இதற்கு ஒத்துள்ளது. ஆசிரியர் மறைந்த சில மாதங்களுக்குள் அமோகவச்சிரர், அவருடைய விருப்பத்தின்படி, வந்த கடல்வழியிலேயே இலங்கைக்குப் புறப்பட்டார். அங்கே நூல்களைத் தேடிச் சேர்த்து 746இல் சாங்-ஆன் மீண்டார்; அவர் கொணர்ந்தவை ஏறத்தாழ ஐந்நூறு எனப் பதிவுகள் கூறும். வச்சிரசேகர நெறியின் தொடக்கப் பகுதியை அவர் மூன்று பிரிவுகளாகச் சீனத்தில் பெயர்த்தார். இம்முறை இடையில் பெயர்ப்பவர் தேவைப்படவில்லை. 765இல் அவர் வேண்டுகோளின்பேரில் பேரரசர் வச்சிரபோதிக்குப் பெரும்போதகர் என்ற பொருளுடைய பட்டம் வழங்கினார்.

அமோகவச்சிரரின் மாணவர் ஹுய்-குவோ. அவரிடம் கற்றவர் ஜப்பானியத் துறவி கூகாய். 806இல் தாயகம் திரும்பியபோது கூகாய், சீன ஓவியர் லீ-சென் வரைந்த ஐந்து ஆசிரியர்களின் உருவங்களை உடன் கொண்டு சென்றார். அவற்றுள் ஒன்று வச்சிரபோதியினுடையது. வண்ணம் பெரிதும் உதிர்ந்த நிலையில், அவ்வோவியம் கியோட்டோ நகரின் தோ-ஜி கோயிலில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.